பியாஃபுக்கு மெட்டுப் போட்டவர்: மார்கரித் மொன்னோ

1956-ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒரே மெட்டு இசைத்தட்டு விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது. அமெரிக்காவில் லெஸ் பாக்ஸ்டர் அதைத் தன் இசைக்குழுவோடு பதிவு செய்திருந்தார். பிரிட்டனில், டிரினிடாடிலிருந்து வந்து குடியேறிய வினிஃபிரெட் ஆட்வெல் அதைப் பியானோவில் வாசித்திருந்தார். இரண்டு தட்டுகளிலும் பாட்டு வரிகள் இல்லை. வெறும் மெட்டுதான் அத்தனை லட்சம் பேரைப் பிடித்து இழுத்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தி புவர் பீப்பிள் ஆஃப் பாரிஸ்'. அது 1954-ல் எடித் பியாஃப் பிரெஞ்சில் பாடிய 'லா குவாலாந்த் து போவ்ர் ஜான்' என்ற பாட்டு. வரிகள் ரெனே ரூஸோ எழுதியவை. மெட்டு மார்கரித் மொன்னோவுடையது.

பியாஃபின் பெயர் பிரெஞ்சு தெரியாதவர்களுக்கும் தெரியும். கறுப்பு உடை, சின்ன உருவம், அரங்கத்தையே நிரப்பும் குரல் என்று உலகம் முழுக்க ஒரே படம் மனதில் வரும். மொன்னோவின் பெயர் பிரான்சிலேயே இசை வட்டாரத்துக்கு வெளியே அதிகம் புழங்குவதில்லை. ஆனால் பியாஃபின் பாட்டைக் கேட்கும்போது நம் நெஞ்சை அடைக்கும் அந்த நாடகம் குரலில் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கே பேச்சு போல இறங்க வேண்டும், எங்கே மூச்சைப் பிடித்து ஏற வேண்டும், எங்கே சட்டென்று நிற்க வேண்டும் என்பதெல்லாம் மெட்டிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அதை எழுதியவர் என்ன படித்தார், எப்படி வேலை செய்தார், ஏன் இவ்வளவு மறைந்துபோனார் என்று பார்க்கலாம்.

மொன்னோ 1903 மே 28 அன்று தெசீஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பிரான்சின் நடுப்பகுதியில், லுவார் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. அப்பா சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார், வீட்டில் மாணவர்களுக்கு இசை கற்றுக்கொடுத்தார், தானும் இசை எழுதினார். அம்மாவும் ஆசிரியை. மகளுக்கு மூன்றரை வயதில் பாரிஸில் மேடை கிடைத்தது. மோட்ஸார்ட்டின் தாலாட்டு ஒன்றை ஒருவர் பாட, குழந்தை பியானோ வாசித்தாள். சம்பளமாக ஒரு பொம்மைப் பூனை கொடுத்தார்களாம். வீட்டின் முதல் இசைக்கலைஞர் காதால் மட்டுமே உலகத்தை அறிந்தவர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மொன்னோவின் மெட்டுகள் ஒருமுறை கேட்டதும் மனதில் தங்கிவிடும். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அது இயல்பாக வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பதின்ம வயதில் பாரிஸ் போனார். அங்கே கிடைத்த ஆசிரியர்கள் யார் என்று பாருங்கள். பியானோவுக்கு ஆல்ஃபிரெட் கோர்தோ, இசையமைப்புக்கு வின்சென்ட் தாந்தி, சுரச்சேர்க்கைக்கு நாதியா புலாஞ்ஜே. அன்றைய பிரான்சில் செவ்வியல் இசை படிக்க இதைவிடப் பெரிய வாசல்கள் இல்லை. புலாஞ்ஜேயிடம் ஆரோன் கோப்லண்ட் படித்தார். பின்னாளில் அஸ்டோர் பியாஸோல்லா, குயின்சி ஜோன்ஸ், மிஷேல் லெக்ராண்ட் எல்லோரும் அவரிடம் வந்தார்கள். டாங்கோவும் ஜாஸும் திரையிசையும் செய்தவர்களுக்கு அந்தக் கண்டிப்பான வகுப்பறை எவ்வளவு கொடுத்தது என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஜனரஞ்சகப் பாட்டுக்கு அதே படிப்போடு அவர்களுக்கு முன்பே போனவர் மொன்னோ.

அவர் போக வேண்டியிருந்த வழி வேறு. கச்சேரிப் பியானோக் கலைஞராக உலகம் சுற்றுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். உடல்நிலை இடம் கொடுக்காததால் இருபது வயதைத் தொடுவதற்கு முன்பே அந்தக் கனவு முடிந்தது. அப்புறம் மெல்ல மெல்லப் பாட்டுப் பக்கம் வந்தார். 1931-ல் எழுத்தாளர் திரிஸ்தான் பெர்னாரின் வரிகளுக்கு ஒரு வால்ட்ஸ் (சுழன்றாடும் நடனத்துக்கான இசை) மெட்டுப் போட்டார். பெரிய வெற்றி இல்லை. பெயர் வாங்கித் தந்தது நான்கு ஆண்டுகள் கழித்து வந்த 'லெத்ராஞ்ஜே' என்ற பாட்டு. அந்நியன் ஒருவனைப் பற்றிய பாட்டு அது. துறைமுகத்தில் ஒரே ஒரு இரவு வந்து தங்கிப்போன, கண்களில் சோகம் நிறைந்த ஒரு மாலுமியை ஒரு பெண் நினைத்துப் பாடுகிறாள். ரொபெர் மல்ரோன் எழுதியது. மெட்டில் அக்கார்டியன் கலைஞர் ரொபெர் ஜுவெலுக்கும் பங்கு உண்டு. ஆனெத் லாஜோன் பாடிய அந்த இசைத்தட்டுக்குப் பெரிய விருது கிடைத்தது.

இந்த இடத்தில் அந்தக் காலத்துப் பாட்டுலகத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். 1930-களின் பாரிஸில் 'எதார்த்தப் பாட்டு' என்று ஒரு வகையே இருந்தது. ஃப்ரேஹெல், தாமியா போன்ற பாடகிகள் அதில் கொடிகட்டிப் பறந்தார்கள். தெருப்பெண்கள், துறைமுகம், மாலுமி, சிப்பாய், ஏழைக் குடியிருப்பு, திரும்பி வராத காதலன் என்பவைதான் அதன் உலகம். கபரேவிலும் மியூசிக் ஹாலிலும் பாடினார்கள். புதுப் பாட்டு வேண்டுமென்றால் பாடகிகள் பதிப்பாளர் அலுவலகத்துக்குப் போவார்கள். அங்கே ஒரு பியானோ இருக்கும். புதிதாக வந்த மெட்டை வாசித்துக் காட்டுவார்கள். பாட்டு பிரபலமானால் ஒற்றைத் தாளில் அச்சடித்துத் தெருவில் விற்பார்கள். வானொலியும் இசைத்தட்டும் அப்போதுதான் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தன.

அப்படி ஒரு பதிப்பாளர் அலுவலகத்தில் லாஜோன் 'லெத்ராஞ்ஜே'வை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓரமாக உட்கார்ந்து கேட்டவர் பியாஃப். அப்போது அவருக்கு இருபது வயது. 1935-ல்தான் லூயி லெப்ளே அவரைத் தெருவிலிருந்து அழைத்துவந்து தன் 'ஜெர்னீஸ்' கபரேவில் மேடையேற்றியிருந்தார். பாட்டு மிகவும் பிடித்துவிட்டது. இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்டு, அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு, அனுமதி எதுவும் இல்லாமல் கபரேவில் பாடிவிட்டார். பியாஃபே பின்னாளில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். லாஜோனுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. மொன்னோவுக்கும் பியாஃபுக்கும் இடையில் கால் நூற்றாண்டு நீடித்த உறவு, இருவரும் நெருங்கிப் பழகுவதற்கு முன்பே, திருடிப் பாடிய இந்தப் பாட்டில் தொடங்கிவிட்டது.

1936-ல் ரேமோன் ஆஸோவின் வரிகளுக்கு மொன்னோ போட்ட மெட்டு 'மோன் லெஜியோனேர்'. 'என் படைவீரன்' என்று சொல்லலாம். ஆஸோவே படையில் இருந்தவர். அந்த ஆண்டுகளில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்த வெளிநாட்டவர் படையைப் பற்றிய படங்கள் பிரான்சில் நன்றாக ஓடின. முதலில் மரி துபா இதைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு பியாஃப் பாடினார். அதோடு பாட்டு அவருடையதாகிவிட்டது. காலனி ஆட்சியின் மணற்பரப்பைக் காதல் களமாகக் காட்டும் பாட்டு இது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மண்ணின் மக்கள் இதில் எங்குமே இல்லை. அந்தக் காலத்துப் படங்களும் அப்படித்தான் இருந்தன.

மொன்னோவின் வேலையைப் புரிந்துகொள்ள இந்தப் பாட்டு நல்ல இடம். சரணத்தில் மெட்டு அதிகம் ஏறி இறங்குவதில்லை. ஒரு பெண் தன்பாட்டில் பேசிக்கொள்வது போலப் போகிறது. பெயர் தெரியாத வீரன், ஒரே இரவு, காலையில் அவன் போய்விட்டான். பல்லவியில்தான் மெட்டு திறக்கிறது: அவன் மெலிந்தவன், அழகன், அவன் உடம்பில் சூடான மணலின் வாசம். கடைசிச் சரணத்தில் அவனைப் பாலைவனத்தில் பிணமாகக் கண்டெடுக்கிறார்கள். அப்புறம் அதே பல்லவி, அதே மெட்டு மறுபடியும் வருகிறது. இப்போது அந்தச் சூடான மணலுக்கு அடியில் அவனைப் புதைத்துவிட்டார்கள் என்று வரி மாறியிருக்கிறது. ஆசையில் பாடிய அதே சுரங்களில் சாவுச் செய்தியும் வருகிறது. சோகத்துக்கென்று தனியாக ஒரு மெட்டுப் போட்டிருந்தால் இந்த அடி விழுந்திருக்காது. மெட்டை மாற்றாமல் விட்டதுதான் மொன்னோவின் முடிவு. படித்த இசைக்காரருக்கே வரக்கூடிய அடக்கம் அது.

1939-ல் ஆஸோவோடு சேர்ந்து செய்த இன்னொரு பாட்டு, 'ஷே நான் கொனே பா லா ஃபான்'. தன் பேட்டையில் எல்லோரும் முணுமுணுக்கும் ஒரு பழைய காதல் பாட்டைப் பற்றி ஒருத்தி சொல்கிறாள். அந்தப் பாட்டின் முடிவு மட்டும் அவளுக்குத் தெரியாது. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு என்பதால் மொன்னோ இரண்டு வகை இசை எழுத வேண்டியிருந்தது. அவள் சொல்லும் பகுதி ஒரு மாதிரி. உள்ளே இருக்கும் பேட்டைப் பாட்டு, திருவிழா ராட்டினத்தில் சுழலும் வால்ட்ஸ் போல வேண்டுமென்றே எளிமையாக இருக்கிறது. சாதாரணமான, கொஞ்சம் மலிவான மெட்டு என்று வரிகளே சொல்லும் ஒரு பாட்டை, கேட்கிறவர் விரும்பும்படியும் எழுதிக் காட்ட வேண்டும். அதை அவர் சாதித்திருக்கிறார்.

பியாஃபுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. மொன்னோவுக்கோ இசைதான் முதல் மொழி. இந்த இருவரும் சேர்ந்து வேலை செய்த விதம் பல பேர் நினைவுகளில் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலும் இரவு நேரம். பியானோவில் மொன்னோ, பக்கத்தில் பியாஃப், சுற்றிலும் பாடலாசிரியரும் இசைக்குழு நடத்துநர் ரொபெர் ஷோவிஞியும். 1953-லிருந்து புல்வார் லான்னில் இருந்த பியாஃபின் வீடு கிட்டத்தட்ட ஒரு பட்டறையாகவே இயங்கியது. பியாஃப் ஒரு வரியைப் பாடிப் பார்ப்பார், பிடிக்கவில்லை என்பார், மறுபடி வாசிக்கச் சொல்வார். பியாஃப் அவரை 'கித்' என்று செல்லமாகக் கூப்பிட்டார். தன் நெருங்கிய தோழி என்று மனதாரப் புகழ்ந்து எழுதினார்.

மொன்னோ மறதிக்குப் பேர்போனவர். எதையாவது எங்காவது வைத்துவிட்டு மறப்பது, எங்கே போகிறோம் என்பதே நினைவில்லாமல் நடப்பது என்று நண்பர்கள் சொன்ன கதைகள் ஏராளம். அவற்றை நான் இங்கே அடுக்கவில்லை. அந்தக் கதைகள் அவரை ஏதோ கனவுலகத்தில் வாழ்ந்த, தெய்வ அருளால் மெட்டு வந்து விழுந்த ஆள் போலக் காட்டிவிட்டன. அவர் உழைத்தவர். புலாஞ்ஜேயிடம் கற்ற ஒழுங்கோடு மூன்று நிமிடப் பாட்டைக் கட்டியவர். ஒரு ஆண் இசையமைப்பாளராக இருந்திருந்தால் இதே மறதிக் கதைகளை மேதையின் அடையாளமாகச் சொல்லி, கூடவே வேலையைப் பற்றியும் நாலு பக்கம் எழுதியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

போர்க்காலத்தில் பாரிஸ் ஜெர்மன் பிடியில் இருந்தபோதும் இருவரும் நிறையச் செய்தார்கள். 1941-ல் வந்த 'மோன்மார்த்ர் சுர் சேன்' படத்துக்காக பியாஃபே வரிகள் எழுத, மொன்னோ மெட்டுப் போட்டார். அதில் ஒன்று 'து எ பார்து': எங்கு பார்த்தாலும் நீதான். 1998-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில், கடைசிப் போருக்கு முன் இடிந்துபோன ஊரில் வீரர்கள் கிராமஃபோனில் கேட்கும் பாட்டு இதுதான். பாடகியே வரி எழுத, இன்னொரு பெண் இசையமைக்க, அது வெகுஜனப் பாட்டாக ஓடியது என்பது அன்றைக்கு மிக அரிதான விஷயம்.

பியாஃப் வரிகளோடு நிற்கவில்லை; மெட்டும் அவருக்கு வரும். 1945-ல் அவர் மனதில் 'லா வி ஆன் ரோஸ்' உருவானபோது ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. பிரான்சில் பாட்டுக்குப் பணம் வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு சாசெம். அது 1851-ல் தொடங்கியதற்குப் பின்னால் ஒரு காபிக்கடைச் சண்டை இருக்கிறது. பாரிஸின் ஒரு காபிக்கடையில் எர்னெஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் தன் பாட்டையே அங்கே வாசிப்பதைக் கேட்டார். என் பாட்டுக்கு நீங்கள் காசு தராதபோது உங்கள் பானத்துக்கு நான் ஏன் தர வேண்டும் என்று கேட்டு, கட்ட மறுத்துவிட்டார். வழக்கு நீதிமன்றம் போய் அவர் பக்கம் தீர்ப்பானது. அதிலிருந்து பிறந்த அமைப்பில் சேர, அன்றைக்குத் தேர்வு எழுத வேண்டும். பாடலாசிரியர் என்று ஒரு தேர்வு, இசையமைப்பாளர் என்று இன்னொன்று. பியாஃப் பாடலாசிரியராக மட்டுமே தேறியிருந்தார். எனவே மெட்டுக்கு வேறு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மொன்னோவிடம் கேட்டார். அவருக்குப் பாட்டு பிடிக்கவில்லை, மறுத்துவிட்டார். லூயிகி என்ற இசையமைப்பாளர் கையெழுத்திட்டார். உலகம் முழுக்க அது எப்படி ஓடியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சம்பவத்தை மொன்னோ தவறவிட்ட அதிர்ஷ்டம் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. தான் போடாத, தனக்குப் பிடிக்காத மெட்டுக்குத் தன் பெயரைக் கொடுக்க அவர் தயாராக இல்லை. கேட்டது உற்ற தோழி என்றாலும்.

நான்கு ஆண்டுகள் கழித்து இருவரும் சேர்ந்து செய்தது 'இம்ன் அ லமூர்': காதலின் துதி. குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தானை நினைத்து பியாஃப் எழுதிய வரிகள். 1949 செப்டம்பரில் நியூயார்க்கின் 'வெர்சாய்' கபரேவில் முதன்முதலாகப் பாடினார். அக்டோபர் 28 அன்று, அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்த செர்தானின் விமானம் அசோர்ஸ் தீவுகளில் மலையில் மோதியது. யாரும் பிழைக்கவில்லை. அன்றிரவும் பியாஃப் மேடையேறினார். 1950 மே மாதம் பாட்டு ஒலிப்பதிவானது.

இந்தப் பாட்டின் வரலாறு எப்போதும் செர்தானின் மரணத்தோடு முடிந்துவிடுகிறது. மெட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஆரம்பம் நீண்ட, அகன்ற வாக்கியங்கள். வானம் இடிந்து விழட்டும், பூமி பிளக்கட்டும், நீ காதலித்தால் போதும் என்று பெரிய மூச்சில் போகின்றன. நடுப்பகுதி வந்ததும் மெட்டு குறுகுகிறது. உலகத்தின் எல்லைக்குப் போவேன், தலைமுடியைச் சாயம் பூசிக்கொள்வேன், நாட்டை மறுப்பேன், நண்பர்களை மறுப்பேன் என்று ஒரு பட்டியல். ஒவ்வொன்றும் ஒரே அச்சில் வார்த்த சின்னச் சின்ன வாக்கியம். அடுக்க அடுக்க அழுத்தம் ஏறுகிறது. அப்புறம் அகன்ற மெட்டு திரும்பும்போது வரி சாவைப் பற்றிப் பேசுகிறது. வரிகளை மட்டும் தாளில் படித்தால் மிகை என்று தோன்றக்கூடும், குறிப்பாக அந்த முடிச்சாயம். மெட்டு அந்த மிகையைத் தாங்கிப் பிடிக்கிறது. தேவாலயத்தில் பாடும் துதிக்குரிய கனத்தை அதற்குக் கொடுக்கிறது. ஜெர்மன் செவ்வியல் இசையமைப்பாளர் ஷூமான் 1840-ல் எழுதிய ஒரு பாட்டின் இசை இதில் எதிரொலிப்பதாக இசை தெரிந்தவர்கள் சொல்வதுண்டு. கோர்தோவின் மாணவிக்கு ஷூமான் விரல்களிலேயே இருந்திருப்பார். அதைக் குறையாக நான் பார்க்கவில்லை.

மெட்டு எவ்வளவு உறுதியானது என்பது அது பயணம் செய்த விதத்தில் தெரியும். கே ஸ்டார் 1954-ல் ஆங்கிலத்தில் பாடினார். ஜப்பானில் கோஷிஜி ஃபுபுகி பாடியபோது, நாட்டை மறுப்பேன் போன்ற கடுமையெல்லாம் போய், வரிகள் மென்மையான காதல் மொழியாக மாறிவிட்டன. பாட்டு அங்கேயும் நிலைத்தது. 2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவின் முடிவில், நோயோடு போராடி மேடைக்குத் திரும்பிய செலின் தியோன், ஈஃபில் கோபுரத்திலிருந்து பாடியதும் இதைத்தான்.

ஐம்பதுகளில் மொன்னோவின் கை இன்னும் துணிந்தது. 1956-ல் வந்த 'லே ஸமான் தன் ஜூர்' பாட்டில் வரி எழுதிய இருவரும், குளோத் தெலெக்லூஸ், மிஷேல் சென்லிஸ், பெண்கள். இசை மொன்னோ, குரல் பியாஃப். ஒரு மலிவு விடுதியின் காபிக்கடையில் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெண் கதை சொல்கிறாள்: இளம் ஜோடி ஒன்று கைகோத்து வந்தது, அறை கேட்டது, மறுநாள் இருவரும் இறந்து கிடந்தார்கள். அவளுக்குக் கனவு காண நேரமில்லை, துடைக்கக் கோப்பைகள் இருக்கின்றன. மெட்டும் அவள் கைவேலை போலவே திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியில் ஒரு கோப்பை விழுந்து உடையும் சத்தம்.

அதே ஆண்டு நவம்பர் 12 அன்று பாரிஸின் கிராமோன் அரங்கில் ஒரு சின்ன இசை நாடகம் தொடங்கியது. பெயர் 'இர்மா லா தூஸ்'. கதையும் வரிகளும் அலெக்ஸாந்த்ர் ப்ரெஃபோர், இசை முழுக்க மொன்னோ. பிகால் பகுதியில் பாலியல் தொழில் செய்யும் இர்மாவை ஏழை மாணவன் நெஸ்தோர் காதலிக்கிறான். அவள் வேறு யாரிடமும் போகக்கூடாது என்று, தானே பணக்காரக் கிழவராக வேடம் போட்டு அவளுடைய ஒரே வாடிக்கையாளராகிறான். பிறகு அந்தக் கிழவர் மேலேயே பொறாமைப்பட்டு அவரைத் தீர்த்துக்கட்டுகிறான். கொலைகாரன் என்று தண்டனை பெற்று தீவுச் சிறைக்குப் போகிறான். கொலெத் ரெனார் இர்மாவாக நடித்தார். பாரிஸில் ஆண்டுக்கணக்கில் ஓடியது.

1958 ஜூலையில் பீட்டர் ப்ரூக் இயக்கத்தில் லண்டன் போனது. அங்கே 1,512 காட்சிகள். 1960 செப்டம்பரில் நியூயார்க்கின் பிராட்வே மேடை, 524 காட்சிகள். அங்கே இர்மாவாக நடித்த எலிசபெத் சீலுக்கு அமெரிக்க நாடக உலகின் டோனி விருது கிடைத்தது. பிரெஞ்சு இசை நாடகம் ஒன்று ஆங்கில மேடையில் இந்த அளவு வெற்றி பெறுவது அப்போது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இதை எழுதியது ஒரு பெண் என்பது இன்னும் அரிது. பியாஃபின் நிழல் இல்லாமல் மொன்னோ தனியாக நின்ற வேலையும் இதுதான். தெருவோர அக்கார்டியன் மணம் மாறாமல் ஒரு முழு மாலை நேரத்துக்கு இசையை விரித்துக் காட்டினார். என்னைக் கேட்டால் அவருடைய படிப்பு முழுதாகப் பயன்பட்ட இடம் இது.

1963-ல் பில்லி வைல்டர் இதைப் படமாக்கினார். ஷெர்லி மெக்லைனும் ஜாக் லெம்மனும் நடித்தார்கள். ஆனால் பாட்டுகளை எடுத்துவிட்டார். மொன்னோவின் மெட்டுகள் பின்னணி இசைக்குள் மட்டும் தங்கின. அந்தத் தழுவலுக்காக ஆண்ட்ரே ப்ரெவின் ஆஸ்கர் வாங்கினார். இந்தக் கதை நம் நாட்டுக்கும் வந்தது: ஷம்மி கபூர் இயக்கிய 'மனோரஞ்சன்' (1974) இதைத் தழுவியதுதான். சஞ்சீவ் குமாரும் ஜீனத் அமனும் நடிக்க, ஆர். டி. பர்மன் இசையமைத்தார்.

பியாஃபோடு செய்த கடைசிப் பெரிய பாட்டு 1959-ல் வந்த 'மிலோர்'. வரிகள் எழுதியவர் அலெக்ஸாந்திரியாவில் பிறந்த இளைஞர் ஜார்ஜ் முஸ்தாகி. துறைமுகத்துப் பெண் ஒருத்தி, காதலியைக் கப்பலேற்றிவிட்டு உடைந்துபோய் வந்த ஒரு கனவானைத் தன் மேஜைக்கு அழைக்கிறாள். பல்லவி துள்ளல், சரணம் நிதானம். முடிவில் அவர் அழுதுகொண்டிருக்கிறார். இசை கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. சிரியுங்கள், பாடுங்கள் என்று அவள் கெஞ்ச, மெட்டு ஊர்ந்து கிளம்பி, வேகம் பிடித்து, ஆட்டமாக மாறுகிறது. வரிகள் கரைந்து வெறும் 'லா லா லா' மட்டும் மிஞ்சுகிறது. மூலக்கதை 'லெத்ராஞ்ஜே'யின் அதே துறைமுகம், அதே அந்நியன். ஆனால் 1935-ல் ஏங்கி நின்ற பெண் இங்கே ஆறுதல் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டாள். இடையில் கடந்த கால் நூற்றாண்டில் இசையமைப்பாளரும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரியும்.

1960 அக்டோபரில் சார்ல் துமோன் என்ற இசையமைப்பாளர் பாடலாசிரியர் மிஷேல் வோகேரோடு பியாஃபின் வீட்டுக்கு வந்து 'நோன், ஷே ந ரெக்ரெத் ரியன்' (இல்லை, எதற்கும் எனக்கு வருத்தமில்லை) பாட்டை வாசித்துக் காட்டினார். பியாஃப் அப்போது உடல் முழுக்க நோயோடு இருந்தார். தன் வாழ்க்கையே அந்தப் பாட்டில் இருக்கிறது என்று நினைத்தார். ஆண்டு முடிவில் நடந்த ஒலிம்பியா அரங்க நிகழ்ச்சிக்கு துமோனின் பாட்டுகளை வரிசையாக எடுத்துக்கொண்டார். அதற்கு இடம் வேண்டி, மொன்னோவின் பாட்டுகள் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டன. அந்த நிகழ்ச்சி ஒலிம்பியாவைக் கடனிலிருந்து காப்பாற்றியது என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். துமோனின் பாட்டு அருமையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இருபத்தைந்து ஆண்டு உடனிருந்தவரை அப்படி விட்டுப்போனது தவறு என்றே நினைக்கிறேன். மொன்னோ அதனால் மிகவும் நொந்துபோனார்.

1961 அக்டோபர் 12 அன்று, குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் தொற்று பரவி, பாரிஸில் இறந்தார். வயது 58. தெசீஸில் அடக்கம் செய்தார்கள். கிட்டத்தட்ட சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 1963 அக்டோபர் 10 அன்று, பியாஃபும் போய்விட்டார்.

அவர் ஏன் மறைந்துபோனார் என்று கேட்டால், ஒரு காரணம் பிரெஞ்சுப் பாட்டுலகம் அதற்குப் பின் எடுத்த திருப்பம். பிரெல், பிராசென்ஸ், பார்பரா என்று தாங்களே எழுதி, இசையமைத்து, பாடுபவர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். பாட்டு என்றால் ஒருவரின் முழு வெளிப்பாடு என்ற எண்ணம் வேரூன்றியது. அந்தக் கண்ணாடி வழியாகப் பின்னோக்கிப் பார்த்தவர்கள் பியாஃபையும் அப்படியே பார்த்தார்கள். ஆஸோ, இன்னொரு பாடலாசிரியர் கோந்தே, மொன்னோ எல்லோரும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் துணைப் பாத்திரங்களானார்கள். மொன்னோ மேடையில் பாடவில்லை. ஊடகங்களில் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டும் இருக்கவில்லை.

மெட்டுகளோ ஓயவில்லை. 'மோன் லெஜியோனே'ரை 1987-ல் செர்ஜ் கேன்ஸ்பூர் ஆண் குரலில் பாடினார். அப்போது அந்த ஏக்கத்தின் பொருளே வேறாகிவிட்டது. சுரங்கள் அப்படியேதான் இருந்தன.

கணக்கிலும் அவர் பெயர் ஓயவில்லை. ஐரோப்பியச் சட்டப்படி, வரியும் இசையும் சேர்ந்த பாட்டின் பதிப்புரிமை, அதை உருவாக்கியவர்களில் கடைசியாக இறந்தவரிலிருந்து 70 ஆண்டுகள் நீடிக்கும். பியாஃப் 1963-ல் இறந்ததால் 'இம்ன் அ லமூர்' 2033 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. முஸ்தாகி 2013 வரை வாழ்ந்தார். எனவே 'மிலோர்' எங்கே ஒலித்தாலும் 2083 முடியும்வரை மொன்னோவின் மெட்டுக்கு ஒரு பங்கு ஒதுக்கியாக வேண்டும்.